பந்தும் பேட்டையும்



கம்பனின் கவிநயத்தையும், சிலப்பதிகாரத்தின் இசை நுணுக்கங்களையும், தேச விடுதலைக்கு உழைத்த தியாகிகளின் சரித்திரத்தையும் கேட்டுப் பழகிய இந்தக் கே.கே. நகர் அவையில், கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி தந்த அறக்கட்டளையின் அறங்காவலர்களின் பெருந்தன்மைக்கு முதற்கண் என் வந்தனத்தைத் தெரிவித்துக் கொள்கிறேன். நான் ஆட்டக்காரன் அல்லன். பயிற்சி அளித்தவன் அல்லன். எந்தச் சங்கத்திலும் பதவி வகித்தவனும் அல்லன். கேலரியில் உட்கார்ந்து பார்த்தவன். ஓர் அணியின் ஜயத்தையும் அபஜயத்தையும் என் சொந்த விவகாரமாகவே கருதி வாழ்ந்தவன். ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரர் பேசினால் அனுபவம் என்கிறோம். நிருபர் எழுதினால் செய்தி என்கிறோம். பணம் போட்டவர் பேசினால் அறிக்கை என்கிறோம். மழையிலும் வெயிலிலும் மைதானத்துக்குப் போய் வருகிற அபிமானியின் பேச்சை மட்டும் கூச்சல் என்று தள்ளிவிடுகிறோம். அந்தக் கூச்சலுக்குள்ளே ஒரு சமூக சிந்தனை இருக்கிறதென்றும், அது இந்த நகரத்தைப் பற்றி நமக்குச் சில உண்மைகளைச் சொல்லக்கூடியதென்றும் நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

அந்த நம்பிக்கையின் சாரத்தை ஆரம்பத்திலேயே சொல்லி விடுகிறேன். ஓர் அணியின் மீது ஒருவன் வைக்கும் அபிமானம், தான் வாழும் ஊரின் மீதும், அவ்வூரில் தான் அறியாத மனிதர்களின் மீதும் வைக்கும் பற்றாக விரிய வேண்டும். அப்படி விரியாத அபிமானம், எவ்வளவு உரத்த குரலில் வெளிப்பட்டாலும், ஒரு தனிமனிதனின் பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிடுகிறது. சென்னையில், குறிப்பாக நம்மைப் போன்ற தென்சென்னைக்காரர்களிடத்தில், கால்பந்து அபிமானம் அந்த நிலையிலேயே நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஏன் நின்றது, எங்கே விரிய வேண்டும் என்பவையே இன்று நான் பேச வந்த விஷயம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை இப்பகுதியில் வாழ்ந்தவர் எவரும் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் பெருமழையும் சேர்ந்து அடையாற்றைக் கரைபுரள வைத்து, நமக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள ஜாபர்கான்பேட்டையிலும், அதற்கப்பால் ஈக்காட்டுத்தாங்கலிலும் சைதாப்பேட்டையிலும் எத்தனையோ குடும்பங்களின் பாத்திரம் பண்டங்களையும், பிள்ளைகளின் புத்தகங்களையும், ரேஷன் அட்டைகளையும் வாரிக்கொண்டு போன நாட்கள் அவை. அதே மாதத்தில்தான் சென்னையின் எஃப்.சி. அணி இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் அரையிறுதியை எட்டியிருந்தது. பருவத்தின் பெரும்பகுதியில் பட்டியலின் அடித்தட்டில் கிடந்து, கடைசி ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று மேலேறி வந்த அணி அது. சொந்த மண்ணில், நேரு விளையாட்டரங்கில் ஆட வேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டம் வெள்ளத்தின் காரணமாகப் புனே நகருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12 அன்று, ஆதரவாளர் பெரும்பாலோர் எட்ட முடியாத அந்த அயலூர் மைதானத்தில், முந்தைய ஆண்டின் சாம்பியனான கொல்கத்தா அணியை 3-0 என்று நம்மவர்கள் வென்றார்கள். மறு ஆட்டத்தில் கொல்கத்தாவில் தோற்றும், மொத்தக் கணக்கில் முந்தி, டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்கு இறங்கினார்கள். 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. அந்த மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்துக் கொண்டிருந்த வேளையில், 90-ஆவது நிமிஷத்தில் கோவாவின் கோல்கீப்பர் கையில் பட்ட பந்து அவருடைய கோலுக்குள்ளேயே விழுந்து ஆட்டம் சமமாயிற்று. அதற்கு இரண்டு நிமிஷங்கள் கழித்து, கொலம்பியா தேசத்து மென்டோசா அடித்த பந்து வலையில் சேர்ந்தது. சென்னை சாம்பியன் ஆயிற்று.

கோல் அடித்தவர் கொலம்பியாக்காரர். பயிற்சியாளர் மத்தெராட்ஸி இத்தாலியர். நடுக்களத்தில் ஆடியவர்களில் பிரேசில்காரர்கள் உண்டு. முன்கள வீரர் ஜேஜே மிசோரம் மலைநாட்டுப் பிள்ளை. அடித்தவரையும் ஆடியவரையும் கணக்கிட்டால் இந்த வெற்றியில் சென்னைக்கு என்ன பாத்தியதை உண்டு என்று அப்போது ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சுவரில் வெள்ளக்கோடு காயாத வீடுகளில், நனைந்த பாயை மொட்டை மாடியில் உலர்த்திவிட்டு, அண்டை வீட்டுத் தொலைக்காட்சியைச் சுற்றி உட்கார்ந்திருந்த மனிதர்களுக்கு அந்தப் பாத்தியதையை யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இழப்பிலே ஒன்றாய் இருந்தவர்கள் சந்தோஷத்திலும் ஒன்றாய் இருக்க ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பந்தாட்டம் அந்தக் காரணத்தைத் தந்தது. அணியை நகரத்தின் அணியாக்கியது ஆட்டக்காரரின் பிறந்த ஊர் அல்ல. நகரத்தின் துக்கம் அதன் மேல் படிந்ததே அதை நகரத்தின் அணியாக்கியது. 2018 மார்ச்சில் பெங்களூர் சென்று பெங்களூர் அணியையே 3-2 என்று வென்று இரண்டாம் முறை பட்டம் பெற்றபோது மகிழ்ச்சி இருந்தது, கொண்டாட்டம் இருந்தது. எனினும் 2015-இல் இருந்த அந்த உறவு இல்லை.

இனி, நகரத்தின் அணி என்று நாம் மார்தட்டிக் கொண்ட அந்த வேளையில், நகரத்தின் பந்தாட்டம் எங்கே வசிக்கிறது என்று நம்மில் யாரையேனும் கேட்டிருந்தால், பெரும்பாலோருக்குப் பதில் தெரிந்திராது. அது வியாசர்பாடியில் வசிக்கிறது. புளியந்தோப்பிலும், பெரம்பூரிலும், ராயபுரத்திலும் வசிக்கிறது. கூவத்துக்கு வடக்கே கால்பந்தும், தெற்கே கிரிக்கெட்டும் என்று இந்த நகரம் எப்போதோ பங்கு பிரித்துக் கொண்டு விட்டது. அந்தப் பாகப்பிரிவினைக்குச் சரித்திர காரணங்கள் உண்டு. 1846-இல் வெள்ளையர்கள் தமக்கென்று மதராஸ் கிரிக்கெட் கிளப்பை நிறுவினார்கள். அங்கே இந்தியருக்கு இடமில்லாததைக் கண்டு, மயிலாப்பூர் லஸ் பகுதியில் செல்வாக்கோடு வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். அவருக்குப் பின் வக்கீல்களும், கல்லூரி மாணவர்களும், பாங்கு உத்தியோகஸ்தர்களும் அந்த ஆட்டத்தைத் தென்சென்னையின் குடும்பச் சொத்தாக்கிக் கொண்டார்கள். வடக்கே கதை வேறு. துறைமுகம் அங்கே இருந்தது. ரயில்வே தொழிற்சாலை அங்கே இருந்தது. பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் அங்கே இருந்தது. 1955 முதல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் சேர்ந்தது. ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளிக்கு ஐந்து நாள் ஆட்டத்துக்கு அவகாசம் கிடையாது. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். வெறுங்காலுக்கும் அங்கே மரியாதை உண்டு. ஆகவே, பந்து அந்த மக்களுடையதாயிற்று.

இதிலே வருந்தத்தக்கது, பிரிவினையோடு சேர்ந்து ஒரு மதிப்பீடும் வந்தமைதான். தெற்கின் ஆட்டம் கனவான்களின் ஆட்டம் என்றும், வடக்கின் ஆட்டம் முரடர்களின் ஆட்டம் என்றும் ஒரு மனோபாவம் நம் குடும்பங்களில் பேச்சில்லாமலேயே பரம்பரை பரம்பரையாக வந்திருக்கிறது. அதன் அடியில் ஜாதியும் பணமும் இருப்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நேரு விளையாட்டரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூர் மார்க்கெட்டுக்குப் பின்புறம் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று வழங்கிவந்த அந்த இடத்தைப் பற்றி நம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்ததை உடனே சொல்வார்கள். 1993-இல் புதிதாகக் கட்டப்பெற்ற அதே அரங்கிலும், அதற்கு முன் அதே மண்ணிலும் ஆடப்பட்ட கால்பந்தைப் பற்றி அவர்களால் சொல்ல முடிவதில்லை. எந்த ஆட்டத்தை யார் ஆடினார் என்பதைப் பொறுத்தே ஒரு நகரம் தன் ஞாபகங்களைச் சேமிக்கிறது.

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்கு ஒருமுறை சென்று பார்க்கும்படி உங்களை வேண்டிக் கொள்கிறேன். பத்திரிகைகள் அப்பகுதிக்குச் சின்ன பிரேசில் என்று செல்லப் பெயர் வைத்திருக்கின்றன. பேட்டையின் ஆட்டக்காரர்களே ஒரு சங்கம் கண்டு, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடக் கூடிய பிள்ளைகளைப் பந்தைக் காட்டி மைதானத்துக்கு இழுத்து, மைதானத்திலிருந்து மீண்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். ஆட வேண்டுமானால் படிக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையில், இந்தத் துறையில் நான் படித்த எத்தனையோ அறிக்கைகளைக் காட்டிலும் அதிக விவேகம் இருக்கிறது. சென்னையின் எஃப்.சி. 2018-இல் பட்டம் வென்ற பருவத்தில் அதன் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் இந்த வியாசர்பாடியின் புதல்வர். 2014-இல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ திரைப்படத்தில் வடசென்னை இளைஞர்களின் வாழ்க்கையோடு கால்பந்து இயல்பாகக் கலந்து வருவதைக் கண்டு தெற்கே பலர் ஆச்சரியப்பட்டார்கள். வடக்கே யாரும் ஆச்சரியப்படவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையிலும் இதே சங்கதிதான். தூத்தூர் வட்டாரத்து மீனவக் கிராமங்களில் கோவிலுக்கு அருகிலேயே பந்தாடும் மணல்வெளி உண்டு. ஊருக்கு ஊர் கிளப் உண்டு. கடலுக்குப் போய்வந்த இளைஞர் மாலையில் அங்கே இறங்குவார்கள். இரவிபுத்தன்துறையில் பிறந்து தேசிய லீகுகளில் பெயர் பெற்ற மைக்கேல் சூசைராஜ் அந்த மணலில் கால் ஊன்றியவர். நெய்வேலி தந்த எட்வின் வான்ஸ்பால், தஞ்சாவூர் தந்து 2018-இல் சாலை விபத்தில் நாம் பறிகொடுத்த குலோத்துங்கன் என்று இந்த வரிசை நீளும்.

தஞ்சாவூர் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்ற சைமன் சுந்தரராஜ் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர். ஆட்டத்தை விட்டபின் அவர் பயிற்சியாளராகி, 1973-இல் கேரள அணியை வழிநடத்திச் சென்றபோதுதான் அம்மாநிலம் முதன்முதலாகத் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை வென்றது. கொச்சியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணிக்கு எதிராக மூன்று கோல்களையும் அடித்த காப்டன் மணியின் பெயரோடு சைமனின் பெயரும் இன்றளவும் மலையாளிகளின் நாவில் இருக்கிறது. நம் மாநிலமோ ஆடவர் சந்தோஷ் கோப்பையை இதுவரை ஒருமுறையேனும் வென்றதில்லை; வெல்லும் வித்தையை அறிந்திருந்தவர் நம்மவராக இருந்தார் என்பதும் நம் பாடப்புத்தகங்களில் இல்லை. இந்தியா 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றபோது கோலைக் காத்து நின்ற பீட்டர் தங்கராஜை எத்தனை பேர் அறிவோம்? செகந்திராபாதில் ஆட்டம் பழகி, ராணுவத்தில் சேர்ந்து, மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடியவர் அவர். நீலகிரி வெல்லிங்டனில் முகாம் கொண்ட அந்த ராணுவ அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையைக் கைக்கொண்டது. கடல் கடந்தும் பாருங்கள்: மலேசியாவின் கோலை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காத்து, ‘ஸ்பைடர்மேன்’ என்று அந்நாட்டு மக்கள் அனைவராலும், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமின்றி, கொண்டாடப்பட்டவர் நம் ஆறுமுகம். 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் காவலர் அவர். அரசியல் காரணத்தால் மலேசியா அங்கே செல்லாமல் நின்றுவிட்டது. 1988-இல் கார் விபத்தில் அவர் மறைந்தார். அந்த அணியின் கதையைத் தழுவி 2016-இல் அவர்கள் ‘ஓலா போலா’ என்று ஒரு திரைப்படமே எடுத்தார்கள்.

ஆட்டக்காரரை ஞாபகம் வைத்துக் கொள்ளும் சமூகத்தில்தான் அடுத்த ஆட்டக்காரர் தோன்றுகிறார் என்பதற்குக் கேரளத்தைக் காட்டிலும் வேறு திருஷ்டாந்தம் தேவையில்லை. 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டுக்கு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோ ஆகியோரின் பிரம்மாண்டமான கட்அவுட்டுகளை நிறுத்தி வைத்த செய்தியை உலகமே வியந்து படித்தது. அதைப் பார்த்து நம்மில் சிலர், தொலைதூரத்து நாயகர்களுக்கு ஏன் இந்த ஆராதனை என்று முகம் சுளித்தார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. அந்த ஆற்றங்கரை இளைஞர்களே கோடை வந்தால் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு மூங்கில் கேலரி கட்டி, உள்ளூர்ப் பிள்ளைகளின் ஆட்டத்தை இரவிரவாகப் பார்க்கிறார்கள். தூரத்து அன்பும் பக்கத்து அன்பும் அங்கே ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. நம் பகுதியின் இளைஞர்களும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ நடக்கும் ஆட்டத்துக்காக நள்ளிரவு தாண்டி விழித்திருந்து, மறுநாள் காலேஜுக்கும் ஆபீசுக்கும் போகும் அவர்களுடைய சிரத்தையை நான் மதிக்கிறேன். எந்த அணி எந்த வியூகத்தில் ஆடுகிறது, எந்தப் பயிற்சியாளர் எந்தப் பின்கள வீரரை முன்னே ஏற்றி ஆட வைக்கிறார் என்றெல்லாம் அவர்கள் பேசுவதைக் கேட்டால் நான் கற்றுக்கொள்ளவும் செய்கிறேன். ஆனால் அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற அரங்கத்திலும், அதற்குச் சற்று அப்பால் இருக்கிற பேட்டை மைதானங்களிலும் ஆடப்படும் சென்னை லீக் ஆட்டம் ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் தெரிவது ஆட்டத்தின் அழகு. பந்து காலில் படும் ஓசையும், சென்டர் ஹாஃப் தன் தோழனைத் திட்டும் வசையும், தோற்ற கீப்பரைத் தாயார் ஒருத்தி தோளில் தட்டி அழைத்துப் போகும் காட்சியும் மைதானத்தில்தான் கிடைக்கும்.

மைதானத்துக்குப் போவதில் வேறோர் ஆதாயமும் உண்டு. சென்னையின் எஃப்.சி. ஆடும் நாளில் நேரு அரங்கின் கேலரியில் ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, பேரிகை முழக்கி, தொண்ணூறு நிமிஷமும் நின்றபடியே பாடும் ஆதரவாளர்களை நீங்கள் பார்க்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் இளைஞரும், வால்டாக்ஸ் சாலையில் மூட்டை தூக்குகிறவரின் மகனும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கும் இடங்கள் இந்த நகரத்தில் எத்தனை இருக்கின்றன? கோவிலில் வரிசை வேறு; திரையரங்கில் டிக்கட் விலை வேறு; கல்யாண மண்டபத்தில் உறவு வேறு. கேலரியில் ஒரு பெனால்டி தவறிப் போகும்போது இருவரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைக்கிறார்கள். அந்த ஒரு கணம் ஜாதியை ஒழித்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் பேராசைக்காரன் அல்லன். என்றாலும், முன்பின் அறியாதவனின் துக்கம் தன்னுடைய துக்கமாகவும் இருக்கக்கூடும் என்ற ஞானம் அங்கே சரீரத்தின் வழியாகவே சித்திக்கிறது.

தோல்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் வெல்லக் கற்றுத் தருகிறோம். தோற்றபின் மறுநாள் எழுந்து எப்படி நடப்பது என்பதை எவரும் கற்றுத் தருவதில்லை. அந்தப் பாடத்தின் குறைவால் இம்மாநிலத்தில் ஆண்டுதோறும் இளம் உயிர்கள் போவதைப் பத்திரிகையில் படித்துக் கலங்குகிறோம். அணி தோற்ற இரவில் கேலரியிலிருந்து இறங்கி, தோற்ற மற்றவர்களோடு டீக்கடையில் நின்று பேசி, அடுத்த வாரம் மீண்டும் அதே இடத்துக்கு வரும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு அந்தப் பாடம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

அபிமானத்தின் இருண்ட பக்கத்தை நான் அறியாதவன் அல்லன். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது கேலரியில் மூண்ட கலவரத்தில் பதினாறு பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பாத வீடுகள் பதினாறு. எதிரணி வீரரின் நிறத்தையும் ஜாதியையும் தாயையும் சொல்லி வைவது உற்சாகம் ஆகாது. அது ஆட்டத்துக்குச் செய்யும் துரோகம். நம் நாட்டில் நாயக வழிபாடு சினிமாவிலும் அரசியலிலும் செய்திருக்கும் சேதத்தை அறிந்த நாம், மைதானத்துக்குள் அதை அனுமதிக்கலாகாது. எதிரணி இல்லாமல் ஆட்டமே இல்லை. எதிரி நன்றாக ஆடியபோது கை தட்டத் தெரியாதவனை நான் அபிமானியாகக் கணக்கிடுவதில்லை.

பெண்களின் கால்பந்தைப் பற்றிப் பேசும்போது என் குரல் சற்று உயரக் கூடும், பொறுத்தருள வேண்டும். ஆடவர் சந்தோஷ் கோப்பையை எட்ட முடியாத இதே மாநிலத்தின் பெண்கள், 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், தேசிய சாம்பியன்ஷிப்பைப் பெரும்பாலும் தனதாகவே வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று வென்று பட்டம் பெற்றார்கள். 2023-இல் அமிருதசரசில் ஹரியானாவை வென்று மீண்டும் பெற்றார்கள். 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீகையே வென்றது. இந்த வெற்றிகளின் வேர் கடலூரில் இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி சூறையாடிய அந்தக் கரையில், பெற்றோரையும் உடைமைகளையும் இழந்த பெண் குழந்தைகளைச் சேர்த்துப் பந்தையும் படிப்பையும் ஒருங்கே தந்த பயிற்சிச் சாலை ஒன்று வளர்ந்தது. கடலூரிலிருந்து எழுந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே தலைமை தாங்கியிருக்கிறார். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் பணியாற்றுகிறார். அரை நிஜார் அணிந்து ஊருக்கு நடுவே ஓடுவதற்கு ஒரு பெண் எத்தனை வாய்களை எதிர்கொள்ள வேண்டும் என்பதை அறிந்தவர்களுக்கே இந்தப் பட்டங்களின் கனம் தெரியும். இத்தனை பெருமைக்குரிய நம் பெண்கள் சென்னையில் ஆடும் நாட்களில் கேலரி நிறைய வேண்டும். அந்தக் கடமை நம்முடையது. அவர்கள் நம்மை அழைக்கக் காத்திருக்கத் தேவையில்லை. ஆடவர் ஆட்டத்துக்கே கேலரி காலியாக இருந்ததுண்டு: 2018-இல் மும்பையில் இந்திய ஆடவர் அணி ஆடிய ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பேரே வந்தது கண்டு, வசை பாடவாவது வாருங்கள் என்று காப்டன் சுனில் சேத்ரி காணொளியில் வேண்டிக்கொள்ள நேர்ந்தது. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கட்டுகள் எல்லாம் விற்றுப் போயின. ஓர் ஆட்டக்காரர் அப்படிக் கேட்க நேர்ந்தது நம் அனைவருக்கும் தலைகுனிவு.

கடைசியாக, அணி யாருடையது என்ற கேள்வி. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) நகரத்தின் பெயரால் அணி நடத்தும் உரிமை விலைக்கு வந்தது. பணம் போட்டவர்கள் ஆட்டத்துக்கு வெளிச்சமும், புல்தரையும், ஒழுங்கும் கொண்டு வந்தார்கள். அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் ஆட்டத்தின் ஏணியில் படிகள் வைக்க மறந்துவிட்டார்கள். 2019 மார்ச்சில், சென்னையில் தனக்கேற்ற இடம் வாய்க்காமல் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னை சிட்டி எஃப்.சி., சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் தலைமையில், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீகை வென்றது. கோவை மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்த லீகை வென்றவர் மேல் லீகுக்கு ஏற அப்போது வழியே இல்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த கிளப் தேசிய அரங்கிலிருந்தே மறைந்து போயிற்று. 2025 ஜூலையில், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் அவ்வாண்டோடு முடியவிருந்ததன் காரணமாக ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி.யும் தன் பணிகளை நிறுத்தி வைத்தது. ஆட்டக்காரரின் சம்பளத்தைப் பற்றியும், புல்தரையைப் பராமரிக்கும் தொழிலாளியைப் பற்றியும், ஆதரவாளரைப் பற்றியும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேஜைகளில் பேசுவதற்கு நம்மில் ஒருவரும் இல்லை.

பிற தேசங்களில் இதற்கு வேறு விடைகள் கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பங்கு அதன் அங்கத்தினரிடமே இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் 2002-இல் விம்பிள்டன் அணியை வேறு ஊருக்குப் பெயர்க்க அனுமதி தரப்பட்டபோது, ஆதரவாளர்கள் ஒன்றுகூடி, பொதுப் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, தமக்கென்று ஒரு கிளப்பைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 2011-க்குள் ஃபுட்பால் லீக் வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். 2021 ஏப்ரலில் பெருஞ்செல்வக் கிளப்புகள் தமக்குள் சேர்ந்து ஏற்படுத்தத் துணிந்த சூப்பர் லீக், வீதிக்கு வந்த ஆதரவாளரின் எதிர்ப்பால் மூன்றே நாட்களில் சரிந்தது. அவர்களுக்கு இருந்தது பணபலம் அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு மைதானமும், அதைச் சுற்றி ஒரு பேட்டையும் இருந்தன. நமக்கும் மைதானங்கள் இருக்கின்றன, பேட்டையும் இருக்கிறது. அவற்றுக்கும் நமக்கும் உறவு இல்லாததுதான் குறை.

ஆகையால் கே.கே. நகர் வாசிகளிடம் மூன்று விண்ணப்பங்களை வைத்து அமர்கிறேன். வீட்டு வசதி வாரியம் செக்டர் செக்டராகத் திட்டமிட்டு அமைத்த இந்நகரில் பள்ளிகளுக்கு மைதானங்கள் உண்டு. பள்ளி விட்டபின் மாலை இரண்டு மணி நேரம் அவற்றின் கதவுகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும், சிறுமிகளுக்கு ஒரு தனி வேளை வைத்தும், திறந்துவிட நிர்வாகத்தினரை வேண்டி ஒரு மனு எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேஜையில் அதில் கையொப்பமிட வேண்டுகிறேன். இரண்டாவதாக, வரும் லீக் பருவத்தில் ஞாயிறு மாலைகளில் வியாசர்பாடிக்கும் நேரு அரங்கத்துக்கும் நான் போகவிருக்கிறேன். உடன்வர விரும்பும் இளைஞர்கள் அதே மேஜையில் பெயர் கொடுக்கலாம். மூன்றாவது, அறங்காவலர்களுக்கு: அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு என்னைப் போன்ற பார்வையாளனை அழைக்காமல், முல்லை நகரிலோ கடலூரிலோ பெண் பிள்ளைகளுக்குப் பந்து பயிற்றுவிக்கும் ஒருவரை அழைத்துப் பேச வைக்க வேண்டுகிறேன். அவருக்குப் பயணச் செலவும், உரிய சன்மானமும் அறக்கட்டளை நிதியிலிருந்தே தரப்பட வேண்டும்.